காவலூர் கண்ட நிலா

1977ஆம் ஆண்டு மே 26ஆம் நாளிட்ட ‘நேச்சர்’ அறிவியல் இதழில் யுரேனஸ் கோளைப் பற்றிய மூன்று சிறு கட்டுரைகள் அடுத்தடுத்த பக்கங்களில் அச்சாகியிருந்தன. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் எலியட் குழுவினரின் முதற்கட்டுரையும், ஆஸ்திரேலியாவின் பெர்த் வானாய்வகப் பதிவை அடிப்படையாகக் கொண்ட இரண்டாவது கட்டுரையும் அக்கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதாக அறிவித்தன; தமிழ்நாட்டின் காவலூரில் கிடைத்த பதிவை வைத்து ஜே.சி. பட்டாச்சார்யா, கே. குப்புசாமி ஆகிய இருவர் எழுதிய மூன்றாவது கட்டுரையோ, அதே கோளுக்கு ஒரு புதிய துணைக்கோள், அதாவது ஒரு புதிய நிலா, இருப்பதாக அறிவித்தது. மூன்று குழுவினரும் கண்டது ஒரே இரவில், ஒரே கோளின் அருகே, ஒரே விண்மீனின் ஒளி சில கணங்கள் மங்கியதைத்தான். காவலூர் சொன்ன அந்த நிலா இன்று எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆயினும் அன்றிரவு காவலூர்க் கருவி பதிந்ததில் பிழை ஏதுமில்லை. பதிவு சரியாகவும் அதற்கு இட்ட பெயர் தவறாகவும் அமைந்துவிட்ட இந்த நிகழ்வு, பெருங்கோள் ஒன்றுக்குப் புதிய நிலா உண்டு என்று சொல்வதற்கு என்னென்ன வேண்டியிருக்கின்றன என்பதைப் பிழையின்றி முடிந்த கண்டுபிடிப்புகள் பலவற்றைவிடத் தெளிவாகக் காட்டுகிறது.

தமிழகக் கோயில்களின் நவக்கிரக மேடையில் யுரேனஸுக்கு இடமில்லை. சூரியனிலிருந்து சராசரியாக ஏறத்தாழ 287 கோடி கிலோமீட்டர் தொலைவில், ஒரு சுற்றுக்கு 84 ஆண்டுகள் எடுத்துக்கொண்டு நகரும் அக்கோள், வெறுங்கண்ணின் எல்லையில் ஒரு மங்கலான புள்ளியாகவே தெரிவதால், பழைய வானியலார் எவரும் அதைக் கோளாகக் கொள்ளவில்லை. 1781 மார்ச் 13 அன்று இங்கிலாந்தின் பாத் நகரில் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கி வழியே அதைக் கண்டார். 1787 சனவரியில் டைட்டானியா, ஓபரான் என்று பின்னர் பெயர்பெற்ற அதன் இரண்டு பெரிய நிலாக்களையும் அவரே கண்டார். இதோடு அவர் நிற்கவில்லை என்பதுதான் இங்குக் கவனத்துக்குரியது. 1798இல் மேலும் நான்கு நிலாக்களைக் கண்டதாக அவர் வெளியிட்ட அறிவிப்பு, அவருடைய புகழின் காரணமாகவே நெடுங்காலம் நூல்களில் நீடித்தது. அந்த நான்கில் ஒன்றுகூட உண்மையில் இல்லை. கோளின் பின்னணியில் இருந்த மங்கலான விண்மீன்களை அவர் நிலாக்களாக எண்ணிவிட்டார் என்பதே பிற்காலத்தார் கொண்ட முடிவு. 1851இல் வில்லியம் லாசல் ஏரியல், அம்பிரியல் ஆகிய இரண்டையும், 1948இல் ஜெரார்டு கைப்பர் மிராண்டாவையும் கண்ட பிறகு யுரேனஸின் நிலாக்கள் ஐந்து என்ற கணக்கு நிலைத்தது. காவலூர் அறிவித்தது ஆறாவது நிலா.

பெருங்கோளுக்கு அருகில் சுற்றும் சிறு நிலாவைத் தொலைநோக்கியில் நேரடியாகக் காண்பது கடினம். கோளின் ஒளிவெள்ளம் அதை விழுங்கிவிடும். நிலாவின் ஒளியைத் தேடாமல், அது பிற ஒளியை மறைக்கும் கணத்தைத் தேடுவது மாற்றுவழி. நகரும் கோள் ஒன்று தொலைவிலுள்ள விண்மீனுக்கும் புவிக்கும் இடையே குறுக்கிடும்போது அவ்விண்மீன் மறைந்து மீண்டும் தோன்றுவதை வானியலில் ‘மறைப்பு’ என்பர். கிரகணத்தின் உறவுதான் இது. கண்ணுக்குப் புலப்படாத ஒன்றை அது மறைக்கும் ஒளியைக் கொண்டு அறிவது, ராகுவையும் கேதுவையும் சாயா கிரகங்களாக வணங்கும் மரபுக்கு அந்நியமான எண்ணமும் அன்று. மறைப்பு எப்போது, எங்கே நிகழும் என்பதை முன்கூட்டியே கணித்தால்தான் கருவியைத் தயாராக வைத்திருக்க முடியும். அத்தகைய கணிப்புக்கும் இம்மண்ணில் நீண்ட மரபு உண்டு. முன்னர்ச் சென்னை வானாய்வகப் பொறுப்பில் இருந்த ஜான் வாரன் 1825இல் புதுச்சேரியில் சந்தித்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக்காட்டினார். கிரகணத் தொடக்கத்தில் அவருடைய பிழை நான்கு நிமிடமே என்று இருபதாம் நூற்றாண்டில் வானியல் வரலாற்றாசிரியர் ஓட்டோ நாய்கெபாவர் சரிபார்த்து எழுதினார். 1977 மறைப்பை நான்கு ஆண்டுகளுக்கு முன்பே கணித்துச் சொன்னவர் பிரித்தானியாவின் கிரீனிச் அரசு வானாய்வகத்தைச் சேர்ந்த கார்டன் டெய்லர். துலாம் விண்மீன் குழுவில் எஸ்.ஏ.ஓ. 158687 என்று எண்ணிடப்பட்ட மங்கலான விண்மீன் ஒன்றை யுரேனஸ் கடக்கும் என்பதே அவருடைய கணிப்பு.

காஞ்சிபுரத்தை அடுத்த தென்னேரிப் பகுதியிலிருந்து மேற்கே வேலூரைத் தாண்டி வாணியம்பாடி சென்று, ஆலங்காயம் வழியே ஜவ்வாது மலைச் சரிவில் ஏறினால் காவலூர் வருகிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் காட்டுக்கு நடுவே உள்ள இச்சிற்றூர், இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் அடங்கும். 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் நிறுவிய வானாய்வகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் கோடைக்கானலுக்கு மாறியது. சூரியனை ஆராய்வதற்குப் பொருத்தமான அம்மலையுச்சி, மேகமும் மூடுபனியும் மிகுந்ததால் இரவு வானத்தை ஆராய ஏற்றதாக இல்லை. 1960இல் கோடைக்கானல் பொறுப்பேற்ற எம்.கே. வைணு பாப்பு இரவுவானுக்கென வேறிடம் தேடியலைந்து காவலூரைத் தேர்ந்தார். நகர விளக்கொளி எட்டாத இருட்டும், வட அகலாங்கு பன்னிரண்டரைப் பாகையளவே இருப்பதால் தென்வானத்தின் பெரும்பகுதி தெரிவதும் அதன் வசதிகள். கிழக்கே ஆஸ்திரேலியாவுக்கும் மேற்கே தென்னாப்பிரிக்காவுக்கும் இடைப்பட்ட நெட்டாங்குகளில் அக்காலத்தில் பெரிய தொலைநோக்கிகள் அரிதாக இருந்ததால், சில நிமிடங்களில் முடிந்துபோகும் வானிகழ்வுகள் பலவற்றுக்குக் காவலூரே சாட்சியாக இருக்கவேண்டிய நிலை இருந்தது. 1968இல் கோடைக்கானல் பட்டறையில் செய்யப்பட்ட 38 செண்டிமீட்டர் தொலைநோக்கியோடு அங்கே பணி தொடங்கியது. 1972இல் கிழக்கு ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்து சேர்ந்தது.

அந்தத் தொலைநோக்கியின் முதல் பெரும் வேலையும் ஒரு மறைப்புதான். 1972 சூன் 7 அன்று வியாழனின் மிகப்பெரிய நிலாவான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்ததைக் காவலூரும் இந்தோனேசியாவின் லெம்பாங் வானாய்வகமும் பதிந்தன. விண்மீன் திடீரென அணையாமல் தேய்ந்து மறைந்ததாகத் தெரிந்ததால் கானிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் உண்டென்றும், அதன் அழுத்தம் புவி வளிமண்டலத்தின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவிலாவது இருக்குமென்றும் ஆய்வாளர்கள் எழுதினர். 1979இல் வாயேஜர் விண்கலம் அருகில் சென்று அளந்தபோது அந்த மதிப்பு மிகைப்பட்டதெனத் தெரிந்தது. 1990களில் ஹப்பிள் தொலைநோக்கி மிக மிக மெல்லிய ஆக்சிஜன் உறையொன்று அங்கு இருப்பதைக் காட்டியது. ஆக, மறைப்புப் பதிவுகளைப் படிப்பதிலுள்ள வழுக்கல் காவலூருக்கு ஏற்கெனவே அறிமுகமானதே.

யுரேனஸ் மறைப்பு உலக நேரப்படி 1977 மார்ச் 10 அன்று நிகழ்ந்தது. இந்தியாவில் அப்போது நள்ளிரவு கடந்து மறுநாள் பிறந்துவிட்டிருந்தது. கோளின் நிழல் பெரும்பாலும் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதி மீதே விழும் என்ற கணிப்பால், எலியட் குழுவினர் 91 செண்டிமீட்டர் தொலைநோக்கி பொருத்திய ‘கைப்பர் வான்வழி ஆய்வகம்’ என்னும் விமானத்தில் பெர்த்திலிருந்து புறப்பட்டுக் கடலுக்கு மேலே சென்றனர். கணிப்பில் ஐயம் இருந்ததால், குறித்த நேரத்துக்கு அரைமணிக்கும் மேல் முன்னதாகவே அவர்கள் ஒளிமானியை இயக்கிவிட்டனர். ஒளிமானி என்பது விண்மீனின் ஒளியை மின்னோட்டமாக மாற்றி, அதன் ஏற்ற இறக்கத்தைக் கணம் தவறாமல் வரைந்துகாட்டும் கருவி. யுரேனஸின் வளிமண்டலத்திலுள்ள மீத்தேன் செந்நிற ஒளியை உறிஞ்சிக்கொள்வதால், அந்த நிறத்துக்குரிய வடிகட்டிகளை இட்டால் கோளின் பளபளப்பு அடங்கி விண்மீன் மேலோங்கித் தெரியும். கோள் விண்மீனைத் தொடுவதற்கு வெகுமுன்னரே அக்கருவியின் கோடு ஐந்து முறை சரிந்து எழுந்தது. காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியிலும் அவ்வாறே ஒரு சரிவு, ஆழமாகவும் ஐயத்துக்கு இடமின்றியும் பதிவாகியிருந்தது.

இந்தச் சரிவை நிலா என்று படித்தது ஏன் என்பதைச் சிறு கணக்கொன்று விளக்கும். அன்றிரவு புவியும் யுரேனஸும் நகர்ந்த வேகங்களைக் கூட்டிக் கழித்தால், விண்மீன் யுரேனஸின் அண்டைவெளியை நொடிக்குச் சுமார் 12 கிலோமீட்டர் வேகத்தில் கடந்ததாகக் கொள்ளவேண்டும். ஆகவே விண்மீன் எட்டு நொடிகள் மங்கினால் குறுக்கே நின்ற பொருளின் அகலம் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். கோளின் மையத்திலிருந்து ஐம்பதாயிரம் கிலோமீட்டர் அளவு தொலைவில், அதுவரை யாரும் காணாத நூறு கிலோமீட்டர்ப் பொருள் என்றால் அதைச் சிறு நிலா என்று கொள்வது இயல்பே. ‘வளையம்’ என்ற எண்ணம் ஏன் முதலில் தோன்றவில்லை என்று இன்று கேட்பது எளிது; 1977 வரை சூரியக் குடும்பத்தில் சனிக்கு மட்டுமே வளையம் இருப்பதாக அறியப்பட்டிருந்தது, அதுவும் பல்லாயிரம் கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்த தட்டாக. நூறு கிலோமீட்டருக்கும் குறைந்த அகலத்தில் நூலிழைபோல் ஒரு வளையம் சிதறாமல் நிலைத்திருக்க முடியும் என்பதை அன்றைய இயக்கவியல் எதிர்பார்க்கவில்லை. விமானத்தில் இருந்தவர்களுக்கும் முதலில் சிறு நிலாக்கள் என்ற எண்ணமே எழுந்தது.

அவர்களைத் திருத்தியவை இரண்டு. முதலாவது, நிழலின் பரப்பு. விண்மீன் மிகத் தொலைவில் இருப்பதால் அதன் ஒளிக்கதிர்கள் இணைகோடுகளாகவே வருகின்றன. ஆதலால் நூறு கிலோமீட்டர் நிலாவின் நிழல் புவியின் மீது நூறு கிலோமீட்டர் அகலப் பட்டையாகத்தான் விழும். காவலூருக்கும் திருச்சிக்கும் இடைப்பட்ட தொலைவைவிடவும் குறுகலான பட்டை அது. காவலூரும், பெர்த்தும், தென்கடல்மேல் பறந்த விமானமும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் இருக்க, அம்மூன்றிலும் விண்மீன் மங்கியது என்றால் குறுக்கே நின்றது ஒற்றை நிலாவாக இருக்க வழியில்லை. இரண்டாவது, சமச்சீர். கோளுக்கு இப்புறம் ஐந்து சரிவுகளைப் பதிந்த விமானக் கருவி, கோள் விண்மீனைக் கடந்த பின் அப்புறத்திலும் அதே தொலைவுகளில், எதிர்வரிசையில் சரிவுகளைப் பதிந்திருந்தது. எலியட் குழு அவற்றுக்கு ஆல்ஃபா முதல் எப்சிலான் வரை கிரேக்க எழுத்துகளை இட்டது. நான்கு சரிவுகள் அளவில் பொருந்த, எப்சிலான் மட்டும் இருபுறமும் ஒரே தொலைவில் அமையாமல் உறுத்தியது. அவ்வளையம் முழுவட்டமாக இல்லாமல் சற்றே நீள்வட்டமாகவும், அகலம் இடத்துக்கிடம் 20 முதல் 96 கிலோமீட்டர் வரை மாறுவதாகவும் இருப்பதே காரணம் என்பது பின்னர் விளங்கிற்று. காவலூர் நிலாவெனக் கண்டது இந்த எப்சிலான் வளையத்தைத்தான்.

ஒரே இடத்தில், ஒரே கோட்டில் கிடைத்த ஆழமான சரிவை மட்டும் வைத்துக்கொண்டு அதை நிலாவா வளையமா என்று பிரித்தறிய எந்தக் கணிதமும் உதவாது. இது காவலூராரின் திறமைக் குறைவன்று, தனித்த சாட்சிக்கு உரிய வரம்பு. அவர்கள் தங்கள் பதிவை மறுபடி நுணுகிப் படித்ததும், பட்டாச்சார்யாவும் பாப்புவும் இணைந்து எழுதிய கட்டுரை அதே 1977 திசம்பரில் அதே ‘நேச்சர்’ இதழில், யுரேனஸைச் சுற்றிச் சனியை ஒத்த வளையத் தொகுதி உள்ளது என்ற தலைப்பில் வெளிவந்ததும் தமிழில் போதிய அளவு பேசப்படவில்லை. அத்தலைப்பும் முழுக்கப் பொருந்தியதாகச் சொல்ல முடியாது. சனியின் வளையங்கள் காஞ்சிப் பட்டின் அகலக்கரை போல் விரிந்தவை என்றால், யுரேனஸினுடையவை வெற்றிடத்தில் தள்ளித் தள்ளி ஓடும் ஒற்றைச் சரிகைக் கோடுகள். ஆனால் மின்னுவதில்லை, கரியைப்போல் கறுத்தவை. யுரேனஸ் வளையங்களைக் கண்டுபிடித்ததே காவலூர்தான் என்று பெருமை பேசும் குறிப்புகளும், காவலூரின் பெயரையே சொல்லாமல் கடக்கும் வெளிநாட்டு நூல்களும் ஒருசேர உண்மையைக் குறைத்துவிடுகின்றன. ஏழே மாதத்தில் தம் நிலாவைத் தாமே கைவிட்ட நேர்மை, ஹெர்ஷலின் நான்கு பொய் நிலாக்கள் நீடித்த காலத்தோடு ஒப்பிட்டால் சிறியதன்று.

வளையம் எனத் தெரிந்ததும் நிலாக் கதை முடிந்துவிடவில்லை. வேறு வாசல் வழியே திரும்பி வந்தது. தூளும் கல்லுமான குறுகிய வளையம், துகள்கள் ஒன்றோடொன்று மோதுவதால் சிறுகச் சிறுகப் பரந்து கரைந்துபோக வேண்டும். அவ்வாறு ஆகாமல் தடுப்பது எது என்ற கேள்விக்கு, 1979இல் பீட்டர் கோல்டுரைக், ஸ்காட் டிரமைன் ஆகியோர் ஒரு விடை முன்வைத்தனர். வளையத்தின் உட்புறம் ஒரு நிலாவும் வெளிப்புறம் ஒரு நிலாவும் சுற்றினால், விரைந்து செல்லும் உள்நிலா துகள்களுக்கு வேகம் தந்து வெளியே தள்ளும். மெதுவாகச் செல்லும் வெளிநிலா அவற்றின் வேகத்தைக் குறைத்து உள்ளே தள்ளும். ஆட்டுமந்தையை இருபுறமும் நின்று ஒடுக்கும் மேய்ப்பர்களைப்போல் அவை வளையத்தைக் குறுக்கி வைத்திருக்கும். இவற்றுக்கு மேய்ப்பு நிலாக்கள் என்று பெயர். 1986 சனவரி 24 அன்று யுரேனஸைக் கடந்த வாயேஜர் 2, அதை நெருங்கிய நாட்களில் எடுத்த படங்களில் எப்சிலான் வளையத்தின் இருபுறமும் இரண்டு சிறு நிலாக்கள் தெரிந்தன. மையத்திலிருந்து சுமார் 49,800 கிலோமீட்டரில் கார்டீலியா, 53,800 கிலோமீட்டரில் ஒஃபீலியா, நடுவே 51,100 கிலோமீட்டரை ஒட்டி வளையம். நிலாக்கள் ஒவ்வொன்றும் நாற்பது கிலோமீட்டர் அளவுக் குறுக்களவுடையது. காவலூர் நிலா என்று பெயரிட்ட சரிவு, அதன் இருபக்கமும் உண்மையான நிலாக்கள் நின்றதாலேயே அவ்வளவு கூர்மையாக இருந்தது.

அந்தப் பயணத்தில் மட்டும் பத்து நிலாக்கள் கிடைத்தன. 1985 திசம்பர் இறுதியில் முதலில் தென்பட்ட பக், காலவரிசையில் யுரேனஸின் ஆறாவது நிலாவாயிற்று. வாயேஜர் யுரேனஸைக் கடந்ததற்குப் பதினெட்டு நாட்கள் முன்னர், 1986 சனவரி 6 அன்று, காவலூரில் உள்நாட்டிலேயே உருவான 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். 1982இல் மறைந்த பாப்புவின் பெயர் அத்தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் சூட்டப்பட்டது. வாயேஜரின் பழைய படங்களை 1999இல் எரிக் கார்கோஷ்கா மறுபடி புரட்டியபோது பெர்டிட்டா என்னும் மற்றொரு நிலா அவற்றில் பதின்மூன்று ஆண்டுகளாக யாராலும் கவனிக்கப்படாமல் இருந்தது தெரியவந்தது. பதிவுகளைத் தூக்கியெறியாமல் வைத்திருப்பதன் அருமை இத்துறையில் அடிக்கடி வெளிப்படுவது.

இன்று புதிய நிலாக்கள் பெரும்பாலும் மறைப்பால் கிடைப்பதில்லை. படங்களை அடுக்கியே கிடைக்கின்றன. ஒரு கோளின் சுற்றுப்புறத்தைப் பல மணிநேரம் தொடர்ந்து படமெடுத்து, கோள் நகரும் அளவுக்கு ஒவ்வொரு படத்தையும் சற்றே நகர்த்தி ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினால், பின்னணி விண்மீன்கள் கோடுகளாக இழுபட, கோளோடு சேர்ந்து நகரும் மங்கலான நிலா மட்டும் புள்ளியாகத் திரண்டு நிற்கும். தனிப்படம் ஒன்றில் இரைச்சலோடு கலந்துவிடும் ஒளி இவ்வாறு கூட்டும்போது மேலெழுகிறது. ஹவாய்த் தீவின் மவுனா கீயா உச்சியிலுள்ள தொலைநோக்கியில் இம்முறையைக் கையாண்டே எட்வர்டு ஆஷ்டன் குழுவினர் சனிக்கு 128 நிலாக்களைக் கூட்டினர். 2025 மார்ச்சில் அவை ஏற்கப்பட்டதும் சனியின் கணக்கு 274 ஆயிற்று. புள்ளி தெரிந்தால் மட்டும் போதாது, மாதங்கள், ஆண்டுகள் இடைவெளியில் திரும்பத் திரும்பக் கண்டு, அது கோளைத்தான் சுற்றுகிறது என்று சுற்றுப்பாதை வரைந்துகாட்டிய பின்னரே பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் பட்டியலில் இடம் கிடைக்கும். ஹெர்ஷலுக்கும் காவலூருக்கும் வாய்க்காதது இந்த இரண்டாம் பார்வைதான். இத்தனை கட்டுப்பாடு இருந்தும், எந்த அளவுக்குக் கீழே ஒரு பாறை நிலா என்ற பெயரை இழந்து வளையத் துகளாகிவிடுகிறது என்பதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளப்பட்ட வரையறை இதுவரை இல்லை.

மறைப்பு முறையும் காலாவதியாகிவிடவில்லை. 2013இல் சாரிக்ளோ என்னும் சிறுகோளுக்கு வளையம் இருப்பது விண்மீன் மறைப்பில்தான் வெளிப்பட்டது. 2025 ஏப்ரலில் யுரேனஸ் மீண்டும் ஒரு விண்மீனை மறைத்தபோது நாசாவைச் சேர்ந்தோர் பதினெட்டு வானாய்வகங்களை ஒருங்கிணைத்து அதைப் பதிந்தனர். காவலூரில் இப்போதுள்ள 1.3 மீட்டர் தொலைநோக்கி பட்டாச்சார்யாவின் பெயரைத் தாங்கியிருக்கிறது. 2025-26 பருவத்தில் யுரேனஸ் கார்த்திகை விண்மீன் கூட்டத்துக்குச் சற்றுத் தெற்கே நிற்பதால், தென்னேரியின் ஏரிக்கரை போன்ற விளக்கொளி குறைந்த இடத்திலிருந்து, நிலவற்ற இரவில், சாதாரண இருகண் நோக்கியிலேயே அதை ஒரு நீலப்பச்சைப் புள்ளியாகக் காண முடியும். நிலாக்களும் வளையங்களும் அதில் தெரியா.

2025 பிப்ரவரி 2 அன்று ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கி அப்புள்ளியை நோக்கித் திரும்பி, ஒவ்வொன்றும் நாற்பது நிமிட அளவில் பத்து நெடும்படங்களை எடுத்தது. அவற்றை ஆராய்ந்த மரியாம் எல் மௌத்தமீத் தலைமையிலான குழு, சுமார் பத்து கிலோமீட்டரே குறுக்களவுள்ள, வாயேஜரின் கண்ணுக்கும் தப்பிய ஒரு நிலாவை அவ்வாண்டு ஆகஸ்டில் அறிவித்தது; எஸ்/2025 யு1 என்று தற்காலிகக் குறியீடு பெற்ற அதனோடு யுரேனஸின் நிலாக்கள் 29 ஆயின. அது சுற்றும் பாதை கோளின் மையத்திலிருந்து ஏறத்தாழ 56,000 கிலோமீட்டரில் உள்ளது. 1977 மார்ச்சில் காவலூரின் விண்மீன் மங்கிய இடத்திலிருந்து வெளிப்புறமாக ஐயாயிரம் கிலோமீட்டர்.